வேப்பமரத்தைப் பாக்கவா மாப்ளே டிஷ்ஷு மாட்டுன?

வா மாப்ளே, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நேத்து ராத்திரி கடைசி ஓவர்ல டிவி மானத்த வாங்கிருச்சு. மழையத் திட்டுன, கம்பெனிக்காரனத் திட்டுன, கடைசியில இந்த ஐதராபாத்து மௌலா அலி மலையவே திட்டுனியாம், உங்க அம்மா சொல்லிச்சு. பாவம்டா அந்த மலை. குதுப் ஷாகி காலத்துல இருந்து தர்காவத் தலையில தூக்கிக்கிட்டு அது பாட்டுக்கு நிக்குது. உன் கிரிக்கெட்ட மறைக்கணும்னு அதுக்கு என்ன வேண்டுதலா? மறைக்கிறது கைப்பிடிச் சுவருக்கு அந்தாண்ட நிக்கிற வேப்பமரம். அது உன் கண்ணுல படல. படாது. மொட்டமாடிக்கு ஏறுனாத்தான படும்?

மாமனுக்கு என்ன தெரியும்னு பாக்குறியா? 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி ஆரம்பிச்சுதே, அந்தக் காலத்துல அறந்தாங்கிப் பக்கம் நம்ம ஊருல வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்தவன்டா நான். பன்னெண்டு அடி வலைக் கிண்ணத்த மச்சு மேல ஏத்தி, நட்டு நட்டாத் திருகி, "இப்ப வருதா? இப்ப வருதா?"ன்னு கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போனவன். இன்னிக்கு நீ மாட்டிருக்கிறது ரெண்டடித் தட்டு. அத வைக்கவும் ஒரு எடம் தெரியல உனக்கு.

யாரு அந்த எடத்தக் காட்டுனது? நீ காட்டல, எனக்குத் தெரியும். நீ ஆபீசுல இருந்த. வந்த பையன் ஏணிய எங்க சாத்துனானோ அங்க டிஷ்ஷு. வயரு எங்க முடிஞ்சிதோ அங்க கம்பம். ஊருல முக்காவாசி டிஷ்ஷுக்கு எடம் பாத்தது ஜோசியரும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. பையன் கையில மிச்சம் இருந்த வயரு. பத்து மீட்டர் கூடுதலா இழுக்கச் சொன்னா அவன் கூடக் காசு கேப்பான், நீ குடுக்க மாட்ட. அதுனால வீட்டுலயே வானம் தெரியாத ஒரே மூலையப் பாத்து ரெண்டு பேருமாச் சேந்து புடிச்சிட்டீங்க. பத்து மீட்டர் வயரு கூடுனா குடி முழுகிடாது மாப்ளே. கிண்ணத்துக்கு முன்னாடி மூக்கு நீட்டிக்கிட்டு நிக்குதே எல்.என்.பி., அது படத்த அங்கயே பெருக்கித்தான் கீழ அனுப்புது. வயருல போறத அது தாங்கும். மரத்துல போறத எதுவும் தாங்காது.

சரி, வானத்துக்கு வருவோம். உன் பெட்டிக்குப் படம் அனுப்புறது ஜிசாட்-15. பூமத்திய ரேகைக்கு நேர் மேல, 36,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொறவான உசரத்துல, 93.5 டிகிரி கிழக்குல நிக்குது. சன் டைரக்டும் அங்கதான், தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ்ஷும் அங்கதான். மௌலா அலியில நின்னு பாத்தா அது தென்கிழக்குல, தரையில இருந்து ஏறக்கொறைய 63 டிகிரி உசரத்துல இருக்கு. கழுத்து வலிக்க நிமிந்து பாக்குற உசரம்டா அது. மலைய ஒட்டிப் பாறை அடியில வீடு கட்டுனவன் வேணும்னா மலையக் குத்தம் சொல்லலாம். ஹவுசிங் போர்டு காலனியில உக்காந்துக்கிட்டு நீ சொல்லப்படாது.

அங்கதான் இன்னொரு கோமாளித்தனம் பண்ணுன. டிஷ்ஷோட மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்து, "நேர எதுத்த வீட்டுத் தண்ணித் தொட்டிதான் இருக்கு, மரமே இல்லையே மாமா"ன்னு என்கிட்டயே வாதாடுன. இந்தச் சின்ன டிஷ்ஷு கல்யாணப் பந்தியில உக்காந்தவன் மாதிரி. மூஞ்சி தன் எலையப் பாத்துத்தான் இருக்கும், கண்ணு பக்கத்து எலையில இருக்கும். மூக்கு நடுவுல இல்லாமக் கீழ தள்ளி இருக்கு பாரு, அதுனால தட்டு காட்டுற திக்குக்கு இருபது இருபத்தஞ்சு டிகிரி மேலதான் அதோட உண்மையான பார்வை. நீ தொட்டியப் பாத்துட்டு எறங்கிட்ட. அது கொப்புக்குள்ள பூந்து பாத்துக்கிட்டு இருக்கு.

மரத்துக்கு எவ்வளவு தள்ளி வைக்கணும்னு கேக்குறியா? கணக்கு சுலபம். மரத்து உச்சி உன் டிஷ்ஷுக்கு மேல எத்தன அடியோ, அதுல பாதி தூரம் தள்ளி இருந்தாப் போதும். இருபது அடி உசந்த கொப்பா, பத்தடி தள்ளு. ஒரு ரெண்டடி சேத்தே தள்ளு, மரம் உன்னக் கேட்டுக்கிட்டா வளரும்? வேற கம்பெனிப் பெட்டின்னா கணக்கு கொஞ்சம் மாறும். டாட்டா பிளேக்கு 83 டிகிரி, அது நமக்கு இன்னும் உச்சிக்குப் பக்கத்துல வரும். ஏர்டெல்லு 108 டிகிரி, கிழக்க சாஞ்சு அம்பது டிகிரி உசரத்துலதான் நிக்கும். அவனுக்கு மரம் இன்னும் கொஞ்சம் தூரத்துல இருந்தாலும் வம்புதான். பக்கத்து வீட்டுக்காரன் டிஷ்ஷப் பாத்து அதே திக்குக்கு உன்னதத் திருப்புனியே போன வருஷம், அவன் பெட்டி என்ன பெட்டின்னு கேட்டியா? கேக்கல. அன்னிக்கு ராத்திரி முழுக்க இருட்டப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.

"மாட்டுனப்ப நல்லாத்தான மாமா வந்துச்சு?" அதான, எல்லாரும் கேக்குறது. எப்ப மாட்டுன? மாசில. வேம்பு எல உதுத்து மொட்டையா நிக்கிற நேரம். கொப்புக்கு ஊடால வானம் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும், பையனும் மீட்டரப் பாத்துட்டு "சூப்பர் சார்"னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பான். உகாதி வர்றதுக்குள்ள கொழுந்து விட்டு, பூவும் பூத்து, பக்கத்து வீட்டம்மா அந்தப் பூவப் பறிச்சுப் பச்சடி பண்ணி உனக்கும் ஒரு கிண்ணம் குடுத்துச்சு. நக்கி நக்கிச் சாப்பிட்ட. அதே பூவுதான் உன் படத்தத் தின்னுச்சுன்னு உனக்கு ஒறைக்கல.

எலைன்னா என்ன? பச்சத் தண்ணிப் பை. இந்த டிஷ்ஷுக்கு வர்ற அலை ரெண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். தண்ணியக் கண்டா அது அங்கயே செத்துப்போகும். காஞ்ச எலையத் தாண்டிக் கொஞ்சம் வந்தாலும், மழையில நனைஞ்ச எலைக்கு முன்னாடி ஒண்ணும் நடக்காது. அதுலயும் இந்த டிஜிட்டல் சங்கதி ரொம்ப மோசம். எங்க காலத்துல படம் கெட்டா ஈ மொய்க்கும், கோடு ஓடும், ஆனாலும் ரஜினி நடந்து போறது தெரியும். இப்ப கடைசி நூல் அறுற வரைக்கும் கண்ணாடி கணக்கா வரும், அறுந்தா ஒண்ணுமே கெடையாது. அதுனாலதான் பெட்டியில சிக்னல் பக்கத்தத் தொறந்து பாருங்கிறேன். ரெண்டு கம்பி காட்டும். 'ஸ்ட்ரெங்த்' ஏறிக் கெடக்குன்னு நெஞ்ச நிமித்தாத. 'குவாலிட்டி' எவ்வளவுன்னு பாரு. வெயில் அடிக்கிறப்பவே அது தள்ளாடிக்கிட்டு இருந்தா, மழையில அது எங்க நிக்கப்போவுது?

கம்பெனிக்குப் போன் போட்டு அந்தப் புள்ளகிட்டக் கத்துறதுக்கு முன்னாடி, திருடன் யாருன்னு நீயே கண்டுபிடிக்கலாம். கொட்டுற மழையில போச்சு, மழ விட்டதும் வந்துருச்சா? அது மழையோட வேல, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஐதராபாத்துல இது எல்லா வீட்டுலயும்தான். இங்க தூறலே இல்ல, அதுக்கு முன்னாடியே போச்சா? தென்கிழக்க எட்டிப் பாரு, கருமேகம் அந்தாண்ட நிக்கும். மழ விட்டு அரைமணி நேரமாகியும் வரல, எல சொட்டு நின்னப்புறம்தான் வருதா? கையும் களவுமா மாட்டிக்கிட்டான் உன் மரம். மழையே இல்ல, காத்துக்கு விட்டு விட்டு வருதா? ஒண்ணு கொப்பு ஆடுது, இல்லேன்னா கம்பம் ஆடுது.

கம்பம் ஆடுறதச் சாதாரணமா நெனைக்காத. ரெண்டடித் தட்டோட பார்வை மொத்தமே மூணு டிகிரி அகலம்தான். விளிம்பு ஒரு விரக்கடை நகந்தாப் போதும், பார்வை வழிமாறிப் போயிரும். நீ அந்தக் கம்பத்துல கொடி கட்டி ஜமுக்காளம் காயப்போடுற. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லல. எப்பத்தான் இவனுக்கு உறைக்குதுன்னு பாப்போம்னு இருந்தேன்.

மேல இருக்கிறதே கெட்டுப்போனதும் உண்டு, இல்லேங்கல. 2010 ஜூலையில, அப்ப சன் டைரக்ட் ஓடிக்கிட்டிருந்த இன்சாட்-4பி-யோட சோலார் பலகையில கோளாறு வந்து, பாதி டிரான்ஸ்பாண்டர நிறுத்துற மாதிரி ஆச்சு. சன் டைரக்ட் மலேசியாக்காரனோட மீசாட்-3க்கு மாறுச்சு. 93.5-ல இருந்து 91.5. வெறும் ரெண்டு டிகிரி. அந்த ரெண்டு டிகிரிக்காக எத்தன வீட்டு மாடியில ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு ஏறுனாங்க தெரியுமா? ஆனா அது என்னைக்கோ ஒரு நாள் நடக்குற சமாச்சாரம். நேத்துக் கடைசி ஓவருக்கு அதச் சாட்சிக்குக் கூப்புடாத.

இப்ப மாமன் ஒரு சூட்சுமம் சொல்றேன், இதுக்கு மீட்டரும் வேணாம் ஆப்பும் வேணாம். வருஷத்துல ரெண்டு தடவ, மார்ச்சு நடுவாக்குலயும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துலயும், சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னால வந்து நிப்பாரு. இங்க உன் பெட்டிக்கு அது காலைல பதினோரு மணி வாக்குல. தெனம் கொஞ்ச நிமிஷம் டிவி தானாப் போகும், சில நாளு இப்படி இருக்கும். எல்லாரும் அப்பத்தான் பெட்டியத் தட்டுவாங்க. நீ மாடிக்கு ஓடு. அந்த நேரத்துல வெயில் எந்த வழியா டிஷ்ஷுல விழுதோ, அதே வழியாத்தான் மத்த நாளெல்லாம் படமும் வருது. தட்டு மேல எல நெழல் ஒரு பொட்டு விழுந்தாலும் எடம் தப்பு. நெழலே இல்லாத எடத்துல சுண்ணாம்புக்கட்டியால ஒரு வட்டம் போட்டுட்டு வா. அதான் எடம். பஞ்சாங்கத்துல கூட இவ்வளவு தெளிவாப் போட மாட்டான்.

"மரத்தையே வெட்டிட்டா?" இதத்தான் எதிர்பாத்தேன். உன் புத்தி அங்கதான் போகும். இங்க 2002-லயே வால்டா சட்டம் வந்தாச்சு, மரம் வெட்டணும்னா அனுமதி வாங்கணும். அதவிடப் பெரிய சட்டம் பக்கத்து வீட்டம்மா. வேம்பு மேல கைய வச்சுப் பாரு, அப்புறம் உனக்குத் தெலுங்குல புதுசு புதுசா நெறையக் கத்துக்க வேண்டி வரும். கொஞ்சம் பொறுத்து ஆஷாட மாசத்துல போ. போனாலு பண்டிகை வரும், தெருவுல இருக்கிற எல்லாப் பொம்பளைங்களும் பானைக்கு வேப்பில கட்டணும். எல பத்தாதுன்னு அலைவாங்க. அப்பப் போயி, "அம்மா, உங்களுக்கு நான் ஏறிப் பறிச்சுத் தர்றேன்"னு பவ்யமாக் கேளு. அருவாளோட ஏறு. தென்கிழக்குப் பக்கம் நிக்கிற ரெண்டு கொப்ப மட்டும் அளவா எறக்கு. தெரு பூரா வேப்பில போகும், அம்மனுக்கும் சந்தோஷம், உனக்கும் நல்ல பேரு. டிவி ஏன் திடீர்னு நல்லா வருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா அம்மன் அருள்னு சொல்லு, பொய்யும் இல்ல.

ஆனா கொப்பு திரும்ப வளரும்டா. அடுத்த வருஷமும் நீ பவ்யமாக் கேக்க முடியாது. டிஷ்ஷத்தான் நகத்தணும். டிஷ்ஷுக்கு வேர் இல்ல, மரத்துக்கு இருக்கு.

உனக்கு இன்னொன்னு சொன்னா வெக்கமா இருக்கும், ஆனாலும் சொல்றேன். தெனம் ரயில்வே டூட்டிக்குப் போறப்ப இ.சி.ஐ.எல். கிராஸ்ரோட்டத் தாண்டிப் போற. அந்தப் பேரு பஸ் ஸ்டாப்புன்னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்க. 1967-ல ஆரம்பிச்ச கம்பெனிடா அது. 1975 ஆகஸ்ட் 1-ல இருந்து ஒரு வருஷம் நாசாவோட ஏ.டி.எஸ்-6 சாட்டிலைட்ட எரவல் வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு டிவி காட்டுச்சு இஸ்ரோ. 'சைட்'டுன்னு பேரு. ஆந்திராவும் அந்த ஆறுல ஒண்ணு. அதுக்குப் பெட்டி செஞ்சு குடுத்தது இந்த இ.சி.ஐ.எல்.தான். டிஷ்ஷு எதுல தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலையில. பத்தடிக் கிண்ணம். அன்னிக்கு அலை முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் நீளம், அது கோழி வலை ஓட்டைக்குள்ள நழுவாது. உன் ரெண்டரை சென்டிமீட்டர் அலைக்குக் கோழி வலை வச்சா பாதிக்கு மேல ஒழுகிரும், அதான் உனக்குத் தகரத் தட்டு.

அந்த சாட்டிலைட்டு ஆப்பிரிக்காவுக்கு மேல, 35 டிகிரி கிழக்குல நின்னுச்சு. இங்க இருந்து பாத்தா மேக்கால, 37 டிகிரி உசரம்தான். உன்னோடதுல பாதிக்கும் கொஞ்சம்தான் மேல. மேக்க ஒரு புளியமரம் நின்னாக் கதை முடிஞ்சிது. கரண்டு ஒழுங்கா வராத கிராமத்துல, பள்ளிக்கூடத்து மேல, அந்த உசரத்துல வானம் தேடி வச்சிருக்காங்க. நீ 63 டிகிரிய வச்சுக்கிட்டு வேப்பமரத்துல போயி முட்டுற. அதே கம்பெனி 2008-ல சந்திரயான் பேச்சக் கேக்க பெங்களூருக்கு வெளியில பையலாலுவுல 32 மீட்டர் டிஷ்ஷு நட்டுச்சு. நிலா எங்க, உன் மொட்டமாடி எங்க. சரி விடு, ரொம்ப ஓட்டுனா உங்க அம்மா என்னை ஓட்டும்.

உன் தம்பி கதைக்கு வர்றேன். அந்தப் புள்ள டொரண்டோவுல இருந்து வீடியோ போட்டுச்சு, டிஷ்ஷு மேல ஒரு சாண் பனி. "மாமா, வெந்நிய ஊத்தட்டுமா?"ங்குது. ஊத்துடா ஊத்து, அஞ்சு நிமிஷத்துல அது கல்லா உறைஞ்சு, உன் டிஷ்ஷு பனிச் சிவலிங்கம் ஆகும், உக்காந்து அபிஷேகம் பண்ணுன்னேன். அவனுக்கும் உனக்கும் ஒரே வியாதிதான். அவன் டிஷ்ஷு வச்சது ஜனவரியில. மேப்பிள் மரம் மொட்டையா நின்னுச்சு. மே மாசம் தழைஞ்சதும் படம் போச்சு. அவனுக்குக் கஷ்டம் உன்னவிட ஜாஸ்தி. அவன் பாக்குற சாட்டிலைட்டு அங்க நாப்பது டிகிரிக்கும் கீழதான் தெரியும். மரத்து உச்சி டிஷ்ஷுக்கு மேல இருபது அடின்னா, அவன் இருபத்தஞ்சு அடிக்கும் மேல தள்ளணும். பைன் மரமா இருந்துட்டா எல உதுர்ற நாளே கெடையாது, அதுமேல பனியும் சேந்தா அது சுவருதான்.

பனியிலயும் ரெண்டு சாதி உண்டு. மாவு மாவாக் காஞ்ச பனி அவ்வளவா மறைக்காது, அலை தாண்டி வந்துரும். ஈரமா, கரையப்போற பனிதான் எமன். அங்கயும் அதே தண்ணிதான் வில்லன், வேஷம்தான் வேற. தட்டு மேல இருக்கிறதவிட, எல்.என்.பி. மூஞ்சி மேல அப்புன கொஞ்சூண்டு ஈரப் பனியே ஆட்டத்த முடிச்சிரும். மெத்துனு ஒரு துடப்பத்தால தட்டி விடு, கம்பால அடிச்சு ஒடுக்கு விழ வச்சா அப்புறம் பனி இல்லாத நாளும் படம் வராதுன்னு சொன்னேன். அங்க சிலபேரு சமையல் எண்ணெய் ஸ்ப்ரேய தட்டுல பூசி விடுறாங்களாம், பனி வழுக்கிட்டு எறங்கிருமாம். தோசைக்கல்லுக்குப் பூசுறதத் தூக்கி டிஷ்ஷுக்குப் பூசுறான், பெரிய குடும்பம்தான். எல்லாத்தவிட முக்கியம், கூரை மேல வைக்காத, துடப்பம் எட்டுற உசரத்துல வையின்னேன். ஐஸ் புடிச்ச ஏணியில சீரியலுக்காக ஏறி விழுந்தான்னு சேதி வந்தா, உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?

சிரிக்காத. உனக்குப் பனி இல்லேன்னு நெனைக்காத. கோடை மழையில இங்க ஆலங்கட்டி விழுமே, மாங்கா அளவு வேணாம், கோலிகுண்டு அளவு போதும். எல்.என்.பி. மூடி விரிஞ்சிரும், உள்ள தண்ணி எறங்கும், குளவியும் கூடு கட்டும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. சங்கராந்திக்குப் பட்டம் விடுற பசங்க மாஞ்சாவும் அதுல சுத்திக் கெடக்கு, போய்ப் பாரு. போன சங்கராந்தி நூலா, அதுக்கு முந்துனதான்னு தெரியல, நெறம் வெளுத்துப்போச்சு.

ஞாயித்துக்கிழம அந்தப் பையன வரச் சொல்லு. பதினஞ்சு மீட்டர் வயரு கொண்டாரச் சொல்லு, காசுக்கு மூஞ்சியச் சுளிக்காத. உங்க மாடித் தண்ணித் தொட்டிக்கு மேக்கால, வடக்கு ஓரத்துச் சுவருல எடம் இருக்கு, நான் நேத்தே ஏறிப் பாத்துட்டேன். ஆமா, இந்த முழங்காலோடதான். கம்பம் நேரா நிக்குதான்னு குண்டுநூல் விட்டுப் பாரு, கண்ணால பாத்து நேருன்னு சொல்லாத. கம்பமே சாஞ்சிருந்தா மேல நீ என்ன டிகிரி வச்சும் புண்ணியமில்ல. சிமெண்டுல நாலு போல்ட்டு, ரெண்டு இல்ல, நாலு. பையன் ரெண்டு போதும்பான். வயரு முனையில தண்ணி எறங்காம ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டு. நான் கீழ உக்காந்து குவாலிட்டி எவ்வளவுன்னு கத்துறேன், இந்தத் தொண்டைக்கு அது பழகுன வேலதான். கொடியக் கழட்டி வேற எங்கயாவது கட்டச் சொல்லி உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிரு, நான் சொல்ல மாட்டேன். ஏணி இரும்பு ஏணிதான? மாடிக்கு மேல போற கரண்டுக் கம்பிய ஒரு தடவ பாத்துட்டு ஏணியத் தூக்கு.